லிஃப்டுக்குப் பின்னால் இரண்டு விசிறிகள்

செம்பூரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியின் அடித்தளக் கார் பார்க்கிங்கில், சோதனைக்காக விட்ட வெள்ளைப் புகை குழல்விளக்குகளை மங்கலாக்கிக்கொண்டிருக்கிறது. தீயணைப்பு அதிகாரி கடிகாரத்தையே பார்க்கிறார். ஐந்து நிமிடத்தில் புகை விலகாவிட்டால் கட்டடத்துக்கு அனுமதி இல்லை. காற்றோட்டத்தைக் கணக்கிட்ட அஃப்ஷாவுக்கு இது முதல் வேலை. அவளுடைய வாப்பா கரீம் பாட்சா, தாராவியில் தகரப் பட்டறை வைத்திருப்பவர், இங்கே புகையைத் தள்ளும் விசிறிகளை மாட்டியவர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி கூரையைப் பார்க்கிறார். முப்பது வருடமாக விசிறிகளை நடுவில் ஒரே வரிசையாக மாட்டியே பழகிய கை அது. புகை எங்கே தேங்கும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த மகள், இரண்டை லிஃப்டுக்குப் பின்னாலுள்ள மூலைக்கு மாற்ற வைத்துவிட்டாள்.

“வரிசையக் கெடுத்துட்டியே புள்ள. பாக்கவே கோணலா இருக்கு.”

“கல்யாண மண்டபமா வாப்பா இது? சும்மா இருங்க.”

விசிறிகள் உறுமுகின்றன. மூலையில் சுருண்டு நின்ற புகை மெல்லத் திரும்பி, தூண்களைத் தடவிக்கொண்டு வெளியேற்றுக் குழாயை நோக்கி நகர்கிறது. நான்காவது நிமிடம், லிஃப்டுக்குப் பின்னாலிருக்கும் படிக்கட்டுக் கதவு பளிச்சென்று தெரிகிறது. அதிகாரி தலையாட்டுகிறார்.

“பாஸ். அந்த மூலையில விசிறி வச்சது யாரு?” என்று இந்தியில் கேட்கிறார்.

கரீம் பாட்சா கைக்குட்டையை எடுத்துவிட்டு, வாசல் வாட்ச்மேனுக்கும் கேட்கும்படி அதே இந்தியில் சொல்கிறார்:

“மாட்டுனது நான் சாப். மாட்டமாட்டேன்னு மூணு நாள் சண்டை போட்டவனும் நான்தான். ஜெயிச்சது என் மக!”