மொட்டைக்கு முன் கர்லர்

நகரியில் காலை ஆறு மணி. இன்று திருமலையில் மொட்டையடிக்கப்போகும் தரணி அக்கா, கண்ணாடி முன் உட்கார்ந்து கர்லரில் முடியைச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள். மூன்று அரியரையும் பாஸ் செய்தது நான், வேண்டிக்கொண்டது அம்மா, முடி மட்டும் அக்காவுடையது. சூடேறிய முடியின் வாசனை அறையெங்கும் நிற்கிறது. ஒவ்வொரு சுருளும் தோளில் விழுந்து ஸ்பிரிங் போல ஆடுகிறது. “எடுக்கப்போற முடிக்கு எதுக்குடி இவ்ளோ கரண்டு? பஸ்ஸு வந்துடும்,” என்கிறாள் அம்மா.

“பாஸானவன் தலைய குடுக்கறதுதான?”

“அவன் இன்டர்வியூக்குப் போவணும்டி.”

“நான் மட்டும் வேலைக்குப் போவலியா?”

அம்மா பையில் துண்டு வைக்கிறாள். நான் பணிவாகத் தலை வாரிக்கொள்கிறேன். அக்கா கடைசிச் சுருளை விடுவித்து, பிளக்கைப் பிடுங்கி, கர்லரை என் மடியில் வைக்கிறாள்.

“வச்சிக்கோடா. உனக்குத்தான் முடி இருக்குது.”

தொடை சுடுகிறது. நான் எடுக்கவில்லை.