நேருக்கு நேர்

செல்போன் ஜோசியர் பொறுமைசாலி. அவள் எவ்வளவு நீளமாக எழுதி அனுப்பினாலும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் பதில் போடுவார்.

"நாளைக்குப் பௌர்ணமி. எனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"பௌர்ணமின்னா சூரியனும் சந்திரனும் நேருக்கு நேர் நிக்கிற நாள்மா. மூடி வச்சதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துடும். வீட்ல என்ன பிரச்சினை?"

"புருஷன் முகம் கொடுத்தே பேசறதில்லை. வாயைத் திறந்தா எரிஞ்சு விழறார்."

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? உங்க அருமை அவருக்குத் தெரியலை. மதிப்பில்லாத இடத்துல எதுக்கும்மா இருக்கணும்? பௌர்ணமிக்கு முன்னாடி கிளம்பிடுங்க. முதல்ல கண்ணைத் துடைச்சுக்கங்க."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு கனிவாக அவளிடம் யாரும் பேசியதில்லை.

பெட்டியை மூடும்போது உள்ளறைக் கதவு திறந்தது. கணவன் கையில் போனோடு வெளியே வந்தான்.

"காலையிலேர்ந்து வேலை பாக்கறவனுக்கு ஒரு வாய் காபி கிடையாதா? பெட்டியோட எங்கடி கிளம்பிட்ட?"

"அம்மா வீட்டுக்கு. இனிமே வரமாட்டேன். ஜோசியர் சொல்லிட்டார்."

"எந்த மடையன் சொன்னான்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"உள்ள உக்காந்து ஊருக்கெல்லாம் ஜோசியம் சொல்றீங்களே, அந்தப் போனைத் திறந்து பாருங்க. கடைசியா புருஷனைச் சொல்லி அழுதது நான்தான்."

அவன் முகம் வெளிறியது.

"என்ன பண்றது? வேற பேர்ல நான் வந்தாத்தானே எங்கிட்ட அன்பாப் பேசறீங்க!"