இரண்டாம் மணிக்கு முன்

ஞாயிறு ஆராதனைக்கான முதல் மணி அடித்து ஓய்ந்தபோது இஸ்திரிக் கடைக்காரி போதகர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

வெள்ளை அங்கியை ஹேங்கரோடு தூக்கிப் பிடித்திருந்தாள், விளிம்பு தரையில் படாதபடி.

கதவைத் திறந்த போதகரின் மனைவி அவளைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினார். பிறகுதான் அங்கியைப் பார்த்தார்.

"இது எப்படிக்கா உங்ககிட்ட?"

"கடையிலயேதான் கிடந்துச்சு. யாரும் வாங்க வரலை."

வரவில்லைதான். ஆறு வாரமாக அந்த வீட்டில் யாருக்கும் அங்கி நினைவில்லை.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு விடியற்காலை, சாகக் கிடந்த ஒருவருக்காக ஜெபிக்கப் போதகர் சபையார் நால்வரை ஏற்றிக்கொண்டு சபையின் வேனில் கிளம்பினார். அதற்கு முந்தைய இரண்டு இரவும் ஆஸ்பத்திரியில் வேறொரு நோயாளியின் பக்கத்தில் கண் விழித்திருந்தார்.

தூங்காமல் ஓட்ட வேண்டாம் என்று மனைவி சொல்லிப் பார்த்தார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார் போதகர்.

ஒரு வளைவில் இமை மூடியது. கண் திறந்தபோது வேன் மரத்தில் மோதி நின்றிருந்தது. போதகரோடு சேர்த்து நான்கு பேர் சிராய்ப்போடு இறங்கினார்கள். ஐந்தாமவர் முன் இருக்கையில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அவர் இறங்கவில்லை.

போலீஸ் அதை விபத்து என்று எழுதிக்கொண்டது. போதகர் சபைக்கு அனுப்பிய ராஜினாமாக் கடிதத்தில் அந்தச் சொல் இல்லை. 'நான் தூங்கிவிட்டேன்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

சபை கடிதத்தை ஏற்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. பாவம் மனுஷன் என்று ஒரு வாய் சொன்னது. அந்தக் கையால் எப்படித் திருவிருந்து அப்பத்தை வாங்கிச் சாப்பிடுவது என்று இன்னொரு வாய் கேட்டது. ஞாயிறுதோறும் மூப்பர் ஒருவர் பிரசங்க மேடை ஏறினார். நல்ல மனிதர். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் அழுகிற கைக்குழந்தையும் அசந்து தூங்கிவிடும்.

மனைவி கண்ணாலேயே உள்ளறையைக் காட்டினார்.

கடைக்காரி தட்டாமல் உள்ளே போனாள். திரை மூடிய அறை. மழிக்காத முகமும் கசங்கிய சட்டையுமாகப் போதகர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டு எழுந்தார். எழுந்த பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

அவள் அங்கியை அலமாரிக் கைப்பிடியில் மாட்டினாள்.

"நேரமாச்சு ஐயா."

"எந்தக் கையாலக்கா அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கச் சொல்றீங்க?"

இதற்கு இந்த ஆறு வாரத்தில் எத்தனையோ பேர் வந்து பதில் சொல்லிவிட்டார்கள். தேவ சித்தம் என்றார்கள். எல்லாம் நன்மைக்கே என்றார்கள். துக்க வீடுகளில் அவரே சொன்ன வார்த்தைகள்தான். சொல்கிறவருக்குப் பஞ்சு, கேட்கிறவருக்குப் பாறை என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அவள் அதில் எதையும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுதான். இருந்தும் அங்கியைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

"இத்தனை வருஷமா உங்க அங்கியைத் தேய்ச்சது எங்க வீட்டுக்காரர்தான். நான் மடிச்சு மட்டும்தான் வைப்பேன். போன வாரம்தான் கடையைத் திறந்து அவர் பெட்டியைத் தூக்கினேன். அவர் கடைசியா பாதி தேய்ச்சு வச்சிட்டு உங்ககூட வேன்ல ஏறினாரே, அந்த அங்கி இது."

போதகர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களை மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரலை. காலையில எழுந்ததும் மன்னிக்கிறேன். மத்தியானத்துக்குள்ள அது போயிடுது. மன்னிக்கணும் மன்னிக்கணும்னு பதினோரு வருஷமா சொன்னீங்களே, எப்படின்னு ஒரு தடவைகூடச் சொல்லலையே. பாதியில விட்டுட்டா நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

கதவோரம் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றார் போதகர்.

"தெரியாதுங்கிறதையாவது அங்க வந்து சொல்லுங்க."

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

வாசலில் நின்றவளுக்குத் தண்ணீர்க் குழாய் திறக்கும் ஓசை கேட்டது. பிறகு அலமாரிக் கதவின் கிறீச்சொலி. கொஞ்ச நேரத்தில் போதகர் அங்கியோடு படியிறங்கினார். முகத்தில் ஈரம் துடைக்கப்படாமல் இருந்தது.

கோயில் நான்கு தெரு தள்ளி இருந்தது. ஜன்னல்கள் திறந்தன. எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் கூடவே நடக்க அவளால் முடியவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதையில்தான் போனாள், அவரைத் திரும்பிப் பார்க்காமல்.

ஆனால் ஒவ்வொரு தெருமுனையிலும், அவர் வந்து சேரும்வரை நின்றாள்.