வாசலில் நின்றவள்

ஓவியக்கூடத்துக் காவலரின் நாற்காலிக்கு எதிரே பைபிள் கதை ஒன்றின் பழைய ஓவியம் தொங்கியது. போரில் ஜெயித்தால், வீட்டிலிருந்து முதலில் வந்து வரவேற்பது எதுவானாலும் பலி தருவதாகக் கடவுளிடம் நேர்ந்துகொண்ட தளபதி திரும்பி வருகிறான். கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி வருகிறாள் அவனுடைய ஒரே மகள்.

அன்று காவலரின் மனைவிக்கு ஆபரேஷன். லீவு கிடைக்கவில்லை. "அவ பொழச்சாப் போதும். பதிலுக்கு எதை வேணும்னாலும் எடுத்துக்கோ" என்று ஓவியத்தின் முன் நின்று முணுமுணுத்தார்.

மதியம் மைத்துனி போன் செய்தாள்.

"அக்கா கண்டத்தைத் தாண்டிட்டா, அத்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஓவியத்தில் தளபதி நின்றான். வாசல் காலியாக இருந்தது.

"இதுல ஒரு பொண்ணு இருந்துச்சே?" என்று தரை துடைப்பவளிடம் கேட்டார்.

"நான் துடைக்கிறது தரையை மட்டுந்தான். படத்துல ஆள் குறைஞ்சா என்னைக் கேக்காதீங்க."

வீட்டில் தனியாக இருந்த மகளுக்குப் போன் போட்டார்.

"நான் வர்றப்ப நீ வாசலுக்கு வராத. ரூமுக்குள்ளயே இரு. எங்கிட்ட சாவி இருக்கு."

"கேக் வாங்கிட்டு வந்தாச் சரி."

சாயங்காலம் கேக் பெட்டியோடு மாடியேறிப் பூட்டில் சாவியை நுழைத்தார். உள்ளே யாரோ ஓடி வந்தார்கள். கூடவே கஞ்சிராவின் சத்தம். வராதே என்று கத்த வாயெடுத்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. மகள்தான். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"நான் ரூம்லதாம்ப்பா இருக்கேன். உங்களுக்குக் கதவைத் திறக்க ஓடுறது யாரு?"

அவர் திருப்பாமலேயே சாவி திரும்பியது.