கால்களை எண்ணுபவள்

பட்டாம்பூச்சிக் கூடத்தில் அவளுக்குத் தரம் பிரிக்கும் வேலை. விஷமுள்ள இனமும், அதன் நிறத்தையும் கோடுகளையும் அப்படியே போட்டுக்கொண்ட விஷமற்ற இனமும் ஒரே வலையில் வந்து சேரும். பறவைகள் பயந்து இரண்டையும் தொடுவதில்லை. இறக்கையைப் பார்த்தால் அவளுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் கால்களை எண்ணுவாள். நான்கு கால் ஊன்றி நின்றால் அசல், ஆறு என்றால் போலி.

"போலி பாவம்க்கா," என்றாள் கூட வேலை செய்பவள். "வேஷம் பலமா இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல."

"அசல் பக்கத்துலயே சுத்துற வரைக்கும்தான் அந்த வேஷமும் செல்லும்."

அவள் கணவன் வெளியூரிலிருந்து திரும்பி மூன்று நாளாகிறது. அதே கரகரத்த குரல், அதே நெற்றித் தழும்பு. ஆனால் இதுவரை கோபத்தில் ஒரு சோற்றுத் தட்டுகூடச் சுவரை நோக்கிப் பறக்கவில்லை. நேற்று மகளுக்குத் தலை பின்னிவிட்டான்.

இன்று மாலை மகள் அவன் மடியில் உட்கார்ந்து விரல்களை எண்ணினாள். "ஒன்பது, பத்து. அம்மா! அப்பாவுக்குச் சுண்டுவிரல் முளைச்சிடுச்சு!"

மரம் அறுக்கும் மிஷினில் கணவனின் அந்த இடது கை விரல் போய் ஏழு வருடமாகிறது. அவள் முதல் நாளே எண்ணிவிட்டாள்.

அவன் பயந்துபோய் அவளைப் பார்த்தான்.

"எண்ணினது போதும்டி. அப்பாவைச் சாப்பிட விடு."

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். கதவின் மங்கலான கண்ணாடியில் ஓர் இடது கை அழுந்தியது. நான்கு விரல்கள்.

அவள் எழுந்து போய் மேல் தாழ்ப்பாளையும் போட்டாள்.