விரித்த பொன்னாடை

கமலவேணி டீச்சரின் நாற்பதாண்டு இசைப்பணிக்குப் பாராட்டு விழா. விருத்தாசலம் கல்யாண மண்டப மேடையில் அவருடைய மாணவர்கள் வயலின்களோடு அரைவட்டமாக உட்கார்ந்திருக்க, பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கும் கொளஞ்சிநாதன் தன் முதல் ஆலாபனையை வாசிக்கிறான். நகக்கண்ணில் இன்னும் வெள்ளைக் களிமண். ராகம் மேல்ஸ்தாயியைத் தொடும் நேரத்தில் வாசலில் வெடிச் சத்தம். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். செருப்புக் காலோடு மேடையேறி, பொன்னாடையை விரித்துப் பிடிக்கிறார். வீடியோ விளக்கு கொளஞ்சிநாதனின் கண்ணில் அடிக்க, வில் தடுமாறி நிற்கிறது. “அவ்ளோதான், நிறுத்திக்குங்க டீச்சர். ஐயாவுக்கு வேப்பூர்ல வேற ஃபங்ஷன் இருக்குது,” என்கிறார் மைக்கில் விழாச் செயலாளர். இந்த ஊரில் பொன்னாடைக்கு வழிவிட வேண்டியது எப்போதும் ராகம்தான். வானொலி வாத்தியக் குழுவையே நடத்திய டீச்சரின் முகம் சிவக்கிறது. “வாசிப்புக்குப் பாராட்டுன்னு கூப்புட்டுட்டு, வாசிப்பையே நிறுத்தச் சொல்றீங்களா?” மைக் இல்லாமலே அது கடைசி வரிசைவரை கேட்கிறது. பிறகு மாணவனைப் பார்த்து, “முதல்லேர்ந்து எடு, கொளஞ்சி. நிதானமா வாசி,” என்கிறார். வில் மறுபடி தந்தியில் இறங்குகிறது. பொன்னாடையை விரித்த கைகள் விரித்தபடியே நிற்கின்றன.