கிளம்புகிறவர்கள் சொல்வது

குமுதவல்லி தமிழச்சி என்று தெரிந்ததும், சுற்றுலாக் கப்பலில் வந்தவர்களுக்குத் தீவைக் காட்டிக்கொண்டிருந்த ரெனே, தன் குடும்பக் கல்லறையருகே வேனை நிறுத்தினான். கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த முப்பாட்டன் வழியில் அவனுக்கு மிஞ்சியது ஒரே சொல்.

"குழியை மூடுறப்போ எல்லாரும் 'வர்றேன்'னு சொல்வோம். அப்படின்னா என்னம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

அந்த முப்பாட்டன் கப்பலேறும்போது பெற்றவளிடம் கடைசியாக அதைத்தான் சொல்லிவிட்டு வந்திருப்பான், பாவி.

"கிளம்புறவங்க சொல்றது" என்று பாதியை விழுங்கிச் சொன்னாள்.

துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. அவளை இறக்கிவிட்ட ரெனே, அவளும் அதைச் சொல்வாள் என்று ஆசையாக நின்றான். எழுபது வயதுவரை எந்த வாசலிலும் அதைச் சொல்லாமல் இறங்காதவள் அவள். அந்தச் சொல்லை இன்னொரு தரம் பொய்யாக்க மனம் வரவில்லை.

"போறேன்ப்பா" என்றாள்.